அடுப்பு அந்த ஊர், தண்ணீர் இந்த ஊர்

கும்பாபிஷேக மலருக்கு ஊர் வரலாறு எழுதித் தரும்படி கேட்டு, என் பிறந்த ஊர் கோயில் கமிட்டியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறேன் என்பதால் எனக்கு இந்தத் தண்டனை. "ரெண்டு பக்கம் போதும் யக்கா. பல்லவரு, சோழருன்னு எதுனா போட்டு ஆரம்பிச்சிடு. அம்மன் எப்டி வந்தா, யார் யார் திருப்பணி செஞ்சாங்க, அவ்ளோதான்" என்றார் கமிட்டித் தலைவர். எங்கள் ஊருக்குப் பல்லவரும் வரவில்லை, சோழரும் வரவில்லை. வந்திருந்தால் அவர்களையும் அடித்து அனுப்பியிருப்போம்.

நான் எனக்குத் தெரிந்த வரலாற்றை எழுதிக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்ததுமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். "இத்த போட்டா கேஸ் ஆயிடும் யக்கா" என்றார்கள். மலரில் இடம் கிடைக்காததால் இங்கே எழுதுகிறேன்.

நசரத்பேட்டையைத் தாண்டி, பெங்களூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால் ஓர் ஏரி வரும். ஏரி என்று அதை இன்னும் நாங்கள்தான் சொல்கிறோம். இந்தப் பக்கம் நான் பிறந்த ஊர், அந்தப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்ட ஊர். அவர்கள் எங்களை அக்கரைக்காரர்கள் என்பார்கள், நாங்கள் அவர்களை அக்கரைக்காரர்கள் என்போம். இரண்டு ஊரும் ஒரே சனம். பெண் கொடுப்பார்கள், பெண் எடுப்பார்கள், சாவுக்கு வருவார்கள், பந்தியில் பக்கத்தில் உட்காருவார்கள். ஆடி மாதத்தில் ஒரே ஒரு நாள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

அந்த நாள் எல்லை கட்டும் நாள். கூழ் வார்த்து முடிந்த மறுநாள் உச்சி வேளையில் கிடா வெட்டி, அந்த ரத்தத்தில் சோற்றைப் பிசைந்து கூடையில் கட்டிக் கொடுப்பார்கள். ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லை முழுவதும் ஓட வேண்டும். ஓடிக்கொண்டே கைப்பிடி கைப்பிடியாக இறைக்க வேண்டும். அவன் நிற்கக்கூடாது, திரும்பிப் பார்க்கக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. அவன் கோயிலுக்குத் திரும்பும்வரை ஊரில் யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அவன் நின்றாலோ ஒரு வார்த்தை பேசினாலோ எல்லைக்கட்டு அறுந்துபோகும், அந்த வருஷத்து மழையும் விளைச்சலும் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்பது நம்பிக்கை. அதனால் பக்கத்து ஊர்க்காரன் சவுக்குக் கட்டையோடு எல்லையில் காத்திருப்பான். காத்திருப்பவனின் எல்லைக்குள் சோறு ஒரு பருக்கை விழுந்தாலும் அடிதான். ஓடுகிறவன் பேசிவிட்டால் மட்டும் அடி கிடையாது. பேசிவிட்டவனைத் தோற்றவன் என்று வழிவிட்டு அனுப்புவார்கள். எனக்குத் தெரிந்து யாரும் பேசியதில்லை.

ஆக எங்கள் ஊர் வரலாறு என்பது யார் எங்கே அடிபட்டான் என்பதுதான். என் அப்பாவுக்கு இடது காது பாதிதான் இருந்தது. மீதியை ஏரிக்கரை முனையில் ஒருவன் கடித்துத் துப்பினான். அந்த ஆள் என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், பிறகு என் காதுகுத்துக்கு வந்து மடியில் உட்காரவைத்தவரும் அவர்தான். என் தாய்மாமனின் வலது கை கடைசிவரை நீளவில்லை, வணக்கம் போட்டால்கூடப் பாதி வணக்கம்தான். மற்ற ஊர்களில் திருவிழா வந்தால் முறுக்கு சுடுவார்கள். எங்கள் வீட்டில் அம்மா பழைய வேட்டியைக் கிழித்துப் பட்டை பட்டையாக மடித்து வைப்பாள், மஞ்சளை வறுத்துப் பொடிப்பாள். சின்ன வயதில் எல்லா ஊர்த் திருவிழாவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம் ஒரு சாவு விழுந்தது. எல்லையில் இருந்த பனைமரத்தடியில், நெற்றிப்பொட்டில் கல் பட்டு, அக்கரைக்காரர் ஒருவர் விழுந்தார். ரத்தம் காதிலிருந்து வந்தது என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் கையில் கல் வைத்திருந்தவர்கள் எல்லோரையும் போலீஸ் வேனில் ஏற்றியது, என் அப்பாவும் அதில் இருந்தார். ஊர் நடுவில் வேன் நின்றபோது பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். வேனுக்குள் இருந்த ஆண்கள் ஒருவரை ஒருவர் "நல்லா அடிச்ச மாமே" என்று மெச்சிக்கொண்டு போனதை நான் கேட்டேன். அன்றைக்கு எனக்கு வந்த அருவருப்பு இன்றுவரை போகவில்லை.

கேஸ் நடந்தது. நடந்துகொண்டே இருந்தது. கடைசியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, சாட்சிகள் "கண்ணுல படல" என்று சொல்லிவிடுவதென முடிவாயிற்று. பதிலுக்குச் செத்தவர் வீட்டுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கொடுப்பது. அந்தப் பெண் நான். செத்தவருடைய அண்ணன் மகனுக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். இதையும் எழுதத்தான் வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். என்னை மேலே படிக்கவைத்ததும் பி.எட். சேர்த்துவிட்டதும் அவர்தான். அவருக்கும் என் அண்ணனுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல். அண்ணன் ஆவடியில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் ஒரே வண்டியில் மீன் வாங்கப் போவார்கள். எந்த மீன் என்று தீர்மானிப்பதற்குள் சந்தையே காலியாகிவிடும். அண்ணன் அவ்வளவு பேசுவான். வாயை வாடகைக்கு எடுத்தவன் மாதிரி பேசுகிறானே என்று என் மாமியார் சிரிப்பார்.

சாவுக்குப் பிறகு எல்லை கட்டுவதை அதிகாரிகள் நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்த காலத்தில் நிலமெல்லாம் மனையாகிவிட்டது. விளைச்சல் போச்சு, களம் போச்சு, வாய்க்கால் போச்சு. யாரோ ஒரு புரோமோட்டர் ஜேசிபி கொண்டுவந்து எல்லைக் கல்லைப் புரட்டிப் போட்டான். பனைமரத்தையும் சாய்த்தான். எல்லைக்காகக் காதைக் கடித்தவர்கள் எல்லோரும் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்தில் ரத்தம் விழுந்திருக்கிறது என்று வெளியாட்கள் யாரும் வாங்கவில்லை. நாங்கள் வாங்கினோம். இரண்டு ஊருக்கும் நடுவில் இருந்தால் அம்மா வீடும் பக்கம், மாமியார் வீடும் பக்கம் என்று கணக்குப் போட்டேன். கடைக்கால் தோண்டிய அன்று அண்ணனும் அவரும் சேர்ந்துதான் கயிறு பிடித்தார்கள்.

போன வருஷம் கோயில் திருப்பணி ஆரம்பித்தது. எல்லை கட்டாமல் கும்பாபிஷேகம் செய்யக்கூடாது என்று யாரோ குறி கேட்டுவந்து சொன்னார்கள். அவ்வளவுதான், இரண்டு ஊருக்கும் உயிர் வந்துவிட்டது. இப்போது எல்லை எங்கே என்று தேட வேண்டும். பனைமரம் இல்லை, கல் இல்லை. பழைய மதகிலிருந்து வேப்பமரத்துக்கு நேர்கோடு பிடித்து, கைபேசியில் மேப் வைத்துக்கொண்டு இரண்டு ஊர் ஆட்களும் நடந்து வந்தார்கள். கோடு எங்கள் கொல்லைக்குள் நுழைந்தது. கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே வந்தார்கள். சமையலறையில் நின்று கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். கயிறு கேஸ் அடுப்புக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் நடுவே போயிற்று.

"அடுப்பு அவங்க ஊரு, தண்ணி நம்ம ஊரு" என்றார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் சிரித்துவிட்டேன். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் ஒரு ஊர், கொதித்தது ஒரு ஊர், குடித்தது இரண்டு ஊரும். அன்றைக்கு எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

ஓடப்போவது என் அண்ணன் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. அப்பா ஓடிய குடும்பம், அதனால் அண்ணன்தான் ஓட வேண்டுமாம். எல்லையில் கட்டை பிடிக்கப்போவது யார் என்று கேட்டேன். செத்தவர் குடும்பம்தான் முதல் கட்டை பிடிக்க வேண்டுமாம். அதாவது என் வீட்டுக்காரர். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அன்று சாயங்காலம் இந்த இரண்டு பேரும் முழுசாக என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அம்மனிடம் நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் அமைதிக் கூட்டம் நடந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினால் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். இந்தப் பக்கம் சுற்றினால் எங்களுக்கு நிலம் போகும், அந்தப் பக்கம் சுற்றினால் அவர்களுக்குப் போகும் என்று இரண்டு ஊரும் மறுத்தன. நிலமே யாரிடமும் இல்லை, எங்கே போகும் என்று நான் கேட்டேன். பொம்பளை பேசக்கூடாது என்றார்கள். அதில் மட்டும் இரண்டு ஊருக்கும் எப்போதும் ஒற்றுமை. கடைசியில் ஒப்பந்தமாயிற்று. சமையலறைக்கு வெளிப்பக்கம் இரண்டு கதவுகள். ஒன்று கொல்லைக் கதவு, இன்னொன்று துணி துவைக்கும் கல் பக்கம் திறக்கிற கதவு. அண்ணன் கொல்லைக் கதவு வழியாக வந்து, தொட்டி ஓரமாகவே ஓடி, துவைக்கும் கல் பக்கம் வெளியே போய்விட வேண்டும். ஹாலுக்குள் கால் வைக்கக்கூடாது. என் வீட்டுக்காரர் சமையலறையிலிருந்து ஹாலுக்குள் நுழைகிற வாசற்படியில் கட்டையோடு சும்மா நிற்பார், சம்பிரதாயத்துக்கு.

அன்று காலை அவர் குளித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க அண்ணன் மேல என் நகங்கூடப் படாது. அவன் தொட்டி ஓரமா போவான், நான் சோத்தப் பாத்துகினு நிப்பேன். அவ்ளோதான்" என்றார். நான் நம்பினேன். அவரும் அதை நம்பித்தான் சொன்னார்.

உச்சி வெயில். பறைச் சத்தம் ஏரிக்கரையிலிருந்து நெருங்கிக்கொண்டே வந்தது. என் ஊர்ப் பெண்கள் யாரும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. என் அடுப்பு அக்கரையில்தானே இருக்கிறது என்று நான் உலை வைத்தேன். என் கோபத்தை எங்காவது காட்ட வேண்டாமா. கொல்லையில் எங்கள் ஊர் ஆட்கள், வாசலில் அவர்கள் ஊர் ஆட்கள், ஜன்னலில் கைபேசி பிடித்த கைகள். பறை நெருங்கியதும் குக்கரை ஹால் மூலையில் இறக்கி வைத்துவிட்டு, சமையலறைக்குள் பிரிட்ஜை ஒட்டி நின்றேன்.

அண்ணன் வந்தான். கொல்லைக் கதவில் முட்டிக்கொண்டு உள்ளே வந்தவனை எனக்கு அடையாளமே தெரியவில்லை. மஞ்சளும் ரத்தமும் வியர்வையில் கரைந்து மார்பெல்லாம் வழிந்தது. கூடையை நெஞ்சோடு அணைத்திருந்தான். தொட்டியில் ஒரு பிடி சோற்றை எறிந்தான். நேராகத் துவைக்கும் கல் பக்கக் கதவுக்கு ஓடித் தோளால் தள்ளினான். கதவு திறக்கவில்லை.

வெளியிலிருந்து தாழ் போட்டிருந்தார்கள். காலையில் நானே திறந்து வைத்த கதவு.

அவன் மறுபடி மோதினான். நிற்கக்கூடாதே, கால் தரையை உதைத்துக்கொண்டே இருந்தது. திரும்பிப் போகவும் கூடாது. மிச்சம் இருந்தது ஹால் ஒன்றுதான். அடுப்பைத் தாண்டி ஹாலுக்குத் திரும்பினான்.

ஹால் வாசற்படியிலிருந்து பார்த்தால் அந்தக் கதவு தெரியாது. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் மச்சான் ஒப்பந்தத்தை மீறித் தன் ஊருக்குள் ரத்தச் சோற்றோடு வருகிறான் என்பதுதான். "கதவு பூட்டிக்கீது, கதவு பூட்டிக்கீது" என்று நான் கத்தினேன். பறைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. வாசலில் இருந்தவர்கள் "உங்க சித்தப்பன் செத்து வுயுந்த எடம்டா, வுயுந்த எடம்டா" என்று கூவினார்கள். அவர் கட்டையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். அழுதார் என்றே நினைக்கிறேன்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லு மச்சான். ஒரு வார்த்த சொல்லு, வுட்டுர்றேன்."

வாய் ஓயாத என் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை மோதினான். கூடை சாய்ந்து சோறு அவர் காலில் கொட்டியது. கட்டை மேலே போயிற்று. நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைக் கடித்தேன், எலும்பு பல்லில் தட்டியது. என் இழுப்பில் குறி தப்பியதா, இல்லை அது முன்பே கிளம்பிவிட்ட அடியா, எனக்குத் தெரியாது. அண்ணனின் இடது பொட்டில் விழுந்தது. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை.

விழவும் இல்லை. சுவரில் கையை ஊன்றி, ஐந்து விரலும் பதிய, வாசல் வழியாக வெளியே ஓடினான். அடிக்க நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்து விலகினார்கள். மீதி எல்லை முழுவதையும் ஓடி முடித்து, கூடையை அம்மன் காலடியில் வைத்துவிட்டுத்தான் சரிந்தான். எங்கள் ஊரில் வெடி வெடித்தார்கள்.

கோயிலுக்கு ஆம்புலன்ஸ் வந்து அண்ணனை ஏற்றிக்கொண்டு போன பிறகு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ஹாலில் கொட்டிய சோற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதே கட்டையை எடுத்து அவரை அடித்தேன். முதுகில், தோளில், தடுக்கத் தூக்காத கையில். கட்டை பிளக்கும்வரை அடித்தேன். அவர் ஒரு சத்தம் போடவில்லை, அதனால் இன்னும் அடித்தேன். பிறகு அந்தக் கதவைக் காட்டினேன். தாழ் இன்னும் வெளியே போட்டபடியே இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு எழுப்பிய ஓலத்தை நான் எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

தாழ் போட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் என்பது எங்கள் ஊர். மோதட்டும் என்று எங்கள் ஊர்க்காரன்தான் போட்டான் என்பது அவர்கள் ஊர். நான் இரண்டையும் நம்புகிறேன்.

இன்ஸ்பெக்டரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் வீட்டுக்காரரும் "நான்தான் அடிச்சேன்" என்றார். மற்ற எல்லோரும், இரண்டு ஊரும், வெயிலில் மயக்கம் வந்து ஓடுகிறவர் கல்லில் விழுந்தார் என்றார்கள். ஜன்னலில் கைபேசி பிடித்த கைகள் எல்லாம் ஒன்றும் பதிவாகவில்லை என்றன. இன்ஸ்பெக்டர் விபத்து என்று எழுதி மூடிவிட்டார். பழைய சாவுக் கேஸுக்குப் பிறகு இரண்டு ஊரும் ஒரே சாட்சி சொன்னது அன்றுதான். கொஞ்ச நாள் கழித்துச் சமாதானம் பேச வந்தார்கள். இந்த முறை கல்லூரியில் படிக்கும் என் பெண்ணை எங்கள் ஊர்ப் பக்கம் கேட்டார்கள். பிளந்த கட்டை கொல்லையில்தான் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை துரத்தினேன்.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். நடக்கிறான், ஆட்களைத் தெரிகிறது, வலது கைதான் சரியாக எழுவதில்லை. பேச்சு வரவில்லை. மூளையில் பேச்சுக்கான இடத்தில் ரத்தம் கட்டிவிட்டது என்றார் டாக்டர். அம்மன் அவன் வாக்கை வாங்கிக்கொண்டாள் என்கிறது ஊர். அவன் படத்தைக் கோயிலில் மாட்டியிருக்கிறார்கள். மலரில் எல்லைக்கட்டு எவ்வித அசம்பாவிதமும் இன்றிச் சிறப்பாக நடந்தேறியது என்று ஒரு வரி வந்திருக்கிறது. எழுதியது நானில்லை.

அண்ணன் இப்போது எங்களோடுதான் இருக்கிறான். சுவரில் பதிந்த விரல்களுக்கு மேல் வெள்ளையடித்துவிட்டோம். தினமும் சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து, கை கழுவி, அண்ணனைத் தொட்டி ஓரம் நாற்காலியில் உட்காரவைத்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு தன் கையால் ஊட்டுவார். நான் கேட்டபடியே இரண்டு பேரும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மணிக்கட்டில் என் பல் தடம் இன்னும் இருக்கிறது. சோற்றை உருட்டி வாய்க்கு அருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்துவார். அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஒரே ஒரு வார்த்த சொல்லு மச்சான்" என்பார்.